இரண்டாம் வயலின்

சுவிட்சர்லாந்தின் ஊஸ்டரில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் மத்தியானம் பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு மணிவரை யாரும் எந்த வாத்தியமும் வாசிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் கூடாது. கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் அறைக் கதவில் இந்த விதிகளை ஒட்டியிருந்தார்கள். மற்ற நேரத்தில் தாராளமாக வாசிக்கலாம் என்றுதான் அதற்கு அர்த்தம். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. வயலினில் தந்திகளைத் தாங்கும் குதிரையில் ஒரு ரப்பர் துண்டைச் செருகி, சத்தத்தைப் பாதியாக்கி, படுக்கையறைக் கதவையும் சாத்திக்கொண்டு, ஏதோ தப்புத்தண்டா செய்கிறவன்போல் தோடி வாசித்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு கணினி வேலைக்கென்று பெர்மிட் வாங்கிக்கொண்டு சென்னையிலிருந்து வந்தவர்களில் நானும் ஒருவன். தினமும் ரயிலேறி சூரிச்சுக்குப் போய் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பேன். சனிக்கிழமைதான் வயலினுக்கு.

அப்படி ஒரு சனிக்கிழமை காலையில் வாசல் மணி அடித்தது. மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்கும் ஜெர்மன் வாக்கியத்தை முன்கூட்டியே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். கதவைத் திறந்து அதை முழுவதும் ஒப்பித்தும் விட்டேன். எதிரே நின்றது மேல்மாடியில் இருக்கும் இளம்பெண். ஸ்டேஷன் பக்கத்து மருந்துக் கடையில் மருந்தாளராக இருப்பவர். தபால் பெட்டியில் இருந்த பெயரைப் பார்த்து அவர் தமிழர் என்று எனக்குத் தெரியும். எங்களைப் பற்றி அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் ஒரு வருஷமாக மாடிப்படியில் எதிர்ப்படும்போதெல்லாம் இரண்டு பேரும் சுவிஸ் ஜெர்மனில் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டிருந்தோம். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது.

"அண்ணை, நான் குறை சொல்ல வரேல்லை," என்றார் அவர். "நீங்கள் வாசிக்கிறது மேல கேக்குது. நல்லா வாசிக்கிறியள். உங்களுக்கு நோட்ஸ் பாத்து வாசிக்கத் தெரியுமோ?"

தெரியும். பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் மேற்கத்திய ஐந்து கோட்டு நொட்டேஷன் படித்திருந்தேன். பிறகு முழுக்க முழுக்கக் கர்நாடக சங்கீதம். வேலை பார்த்துக்கொண்டே சபாக்களின் மத்தியானக் கச்சேரிகளில் பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தேன். கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் கேன்டீன் திறக்கும்வரை உட்கார்ந்திருப்பவர்கள். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் பாதியில் நிறுத்தினார்.

"நாலு பேர் வாசிக்கிற எங்கட குவார்டெட்டுக்கு ஒரு இரண்டாம் வயலின் வேணும். நான் வியோலா வாசிக்கிறனான். இங்க பிறந்தனான், இங்கத்த மியூசிக் ஸ்கூலில படிச்சனான். முந்தி வாசிச்சவர் போன விண்டருக்குச் செத்துப்போனார். அவற்ற மனுசிதான் செல்லோ. ஒருக்கா வந்து பாருங்கோவன்."

உள்ளே என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும், "செத்துப்போனவர் எடத்துக்கா போறீங்க? அந்தம்மா பக்கத்துலயே உக்காந்துக்கிட்டா?" என்று கேட்டாள். நான் அப்படி யோசித்திருக்கவில்லை. யோசித்த பிறகு போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் வாயைக் கொடுத்தாகிவிட்டது.

முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திச் செல்லோ வாசிக்கும் அந்த அம்மாவின் வீடு மேட்டில் இருந்தது. கூடத்து ஜன்னல் வழியாகத் தூரத்தில் கிரைஃபன் ஏரி தெரியும். அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது, அளவாகப் பேசுகிறவர், ஆரம்பப் பள்ளி ஆசிரியை. முதல் வயலின் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். குழுவைத் தொடங்கியவரும் அவர்தான், அதட்டுகிறவரும் அவர்தான். நான்கு பேருக்கும் நாற்காலிகள் அரைவட்டமாகப் போட்டிருந்தன. நான் ஒன்றில் உட்காரப் போனேன். செல்லோக்கார அம்மா, "ஒரு நிமிஷம்" என்று அந்த நாற்காலியை எடுத்து அடுத்த அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, சமையலறையிலிருந்து வேறொரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் நன்றி சொன்னேன். நன்றி சொல்ல வேண்டிய இடம்தானா அது என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

அவர்கள் எடுத்திருந்தது இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஜெர்மன் இசையமைப்பாளரின் குவார்டெட். அவர் காலத்து மேதைகளை உலகத்துக்கே தெரியும், இவரைத் தெரியாது. பல் மருத்துவருக்கு இவர்மேல் தனிப் பிரியம். இடைவேளையில் காப்பி குடித்துக்கொண்டே அவருடைய வாழ்க்கையைச் சொல்வார். அப்பா அரசவை வாத்தியக் குழுவில் செல்லோ வாசித்தவர். மகனும் சின்ன வயதிலேயே அதே குழுவில் செல்லோ வாசிக்க உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர்களுடைய பிரபு தன் அரசவையையே வேறொரு நகரத்துக்கு மாற்றினார். குழுவில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு பின்னால் போனார்கள், பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். நம் ஆள் முதலில் நின்றார், பிறகு போனார். நாடகசாலைப் பாடகி ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு பேரும் ஊர் ஊராகப் போய்ப் பாடியும் வாசித்தும் பிழைத்தார்கள். அந்தப் பெண் இளவயதிலேயே நோயில் இறந்துபோனாள். அவள் பாடிய அந்த நாடகசாலையில் போய் நிற்க அதற்குப் பிறகு அவரால் வெகுகாலம் முடியவில்லை. கடைசிக் காலத்தில் சின்னச் சின்ன அரசவைகளில், சுமாராக வாசிக்கும் குழுக்களை மேய்த்துக்கொண்டு, நான்கு பேர் ஐந்து பேர் சேர்ந்து வீட்டில் வாசிப்பதற்கான இசையை எழுதிக்கொண்டிருந்தார்.

எனக்கு இந்தக் கதை பிடித்தது. ஆனால் கதைக்கும் எதிரே இருந்த காகிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பிடிபடவில்லை. எங்கள் ஊரில் ஒரு கிருதி என்றால் அது யாரை நோக்கிப் பாடப்பட்டது என்று தெரிந்துவிடும். ராமனையா, காமாட்சியையா, கெஞ்சுகிறாரா, சண்டை பிடிக்கிறாரா என்று சாகித்யத்திலேயே இருக்கும். இதில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் பல் மருத்துவரிடம் கேட்டேன்.

"இந்த மெதுவான பகுதி எதைப் பற்றியது?"

அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் காகிதத்தைப் பார்த்தார். "பி ஃபிளாட் மேஜர்," என்றார், ராகத்தின் பெயரைச் சொல்கிறவர்போல்.

செல்லோக்கார அம்மா சிரித்தார். நான் அந்த வீட்டுக்குப் போகத் தொடங்கியபிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

வேகமான பகுதிகளில் பிரச்சினை இல்லை. பல் மருத்துவர் முன்னால் ஓடுவார், நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு கூடவே ஓடுவோம். மெதுவான பகுதியில்தான் வண்டி நின்றது. எழுதியவர் செல்லோ வாசிக்கிறவர் அல்லவா, அந்தப் பகுதியில் பாட்டு முழுவதையும் செல்லோவுக்கே கொடுத்துவிட்டார். முதல் வயலினுக்கும் வியோலாவுக்கும் நீண்ட ஒற்றை சுரங்கள்தான். இரண்டாம் வயலின் அடியில் சீராக, சின்னச் சின்ன சுரங்களாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஓட்டத்தின்மேல்தான் செல்லோ பாடும். காகிதத்தில் பார்த்தால் குழந்தைகூட வாசிக்கும். நாங்கள் தொடங்கினால் எட்டு பத்து வரிசை போவதற்குள் மெல்ல மெல்லக் குறைந்து, தயங்கி, கடைசியில் நின்றே போய்விடும். யாரும் தப்பாக வாசிக்கவில்லை. ஆனாலும் நிற்கும்.

"யார் ஓட்டுவது? யார் இதை ஓட்டுவது?" என்று பல் மருத்துவர் வில்லால் ஸ்டாண்டைத் தட்டுவார்.

"நான்தான் காரணம். மன்னியுங்கள். நான் எப்போதும் இழுக்கிறேன்," என்பார் அந்த அம்மா.

அது அந்தக் குழுவில் பழைய கேலி. செல்லோ அடுத்த ரயிலில் வரும் என்று அவருடைய கணவரே சொல்வாராம். விருந்தாளிகள் முன்னாலும் சொல்வாராம். ரயில் ஒரு நிமிஷம் தாமதமானால் ஒலிபெருக்கியில் வருத்தம் தெரிவிக்கும் நாட்டில் இது சாதாரணக் கேலி இல்லை. ஆனால் அந்த அம்மாவும் சேர்ந்து சிரித்துத்தான் பழகியிருந்தார். எல்லாருக்கும் அது தெரிந்த விஷயம்: அவர் இழுப்பார், கணவர் பிடித்துத் தள்ளிக்கொண்டு போவார்.

நானோ வேறு கவலையில் இருந்தேன். வண்டி நிற்பதற்குக் காரணம் நான்தான் என்று எனக்குத் தோன்றியது. பக்கவாத்தியம் வாசிக்கிறவன் பாடகரை முந்தக் கூடாது. அவர் ஒரு சங்கதி போட்டால் அந்தக் கணமே அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஆனால் மயிரிழை பின்னால் வர வேண்டும். அவர் நின்றால் நிற்க வேண்டும், நீட்டினால் நீட்ட வேண்டும். "நிழல் மாதிரி கூடவே வந்தீங்க," என்று ஒரு பெரிய வித்வான் ஒருமுறை என் முதுகில் தட்டிச் சொன்னார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. இங்கே செல்லோ பாடத் தொடங்கியதும் என் காது தானாக அதன் பின்னால் போய்விடும். கையும் காதின் பின்னால் போய்விடும்.

ஒருநாள் இரண்டு பேரும் மேட்டிலிருந்து இறங்கி வரும்போது மருந்தாளரிடம் இதைச் சொன்னேன்.

"நான் லேட்டா வாசிக்கலைம்மா. அவங்களை ஃபாலோ பண்றேன். மெலடி அவங்ககிட்ட இருக்கு, நான் எப்படி முன்னாடி போறது?"

"அண்ணை, இது கச்சேரி இல்லை. இதில ஒருத்தருக்கும் பின்னால ஒருத்தரும் போறேல்லை. எல்லாரும் ஒண்டாப் போறது. இந்த இடத்தில நீங்கள்தான் டெம்போ."

"அப்ப அவங்க?"

"அவா உங்களைக் கேட்டு வருவா. அவான்ர மனுசன் இருக்கேக்க அப்பிடித்தான். அவர் போவார், அவா பின்னால வருவா. இத்தனை வருசமும் அப்பிடித்தான் வாசிச்சவை."

அங்கேயே நின்றுவிட்டேன். செல்லோக்கார அம்மா என் பின்னால் வரக் காத்திருக்கிறார். நான் அவர் பின்னால் போகக் காத்திருக்கிறேன். ஒரு வாசலில் இரண்டு பேர் "நீங்க போங்க, நீங்க போங்க" என்று உபசாரம் செய்துகொண்டு நிற்பதுபோல் நாங்கள் பி ஃபிளாட் மேஜரில் நின்றுகொண்டிருந்தோம். விஷயம் விளங்கியது என்று சந்தோஷப்பட்டேன். விளங்கிய பிறகுதான் குழப்பம் அதிகமாயிற்று.

அடுத்த வாரம் பல் மருத்துவர் எங்கள் இருவரையும் தன் காரில் ஏற்றிக்கொண்டார். இறக்கிவிடும்போது, எஞ்சினை அணைத்துவிட்டுப் பேசினார். இலையுதிர்காலத்தில் அந்த வீட்டுக் கூடத்திலேயே ஒரு சின்னக் கச்சேரி, இறந்தவரின் நினைவாக. அக்கம்பக்கத்தார், அவருடைய பழைய நண்பர்கள் வருவார்கள். அதுவரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் மெதுவான பகுதி இப்படித்தான் என்றால் வேறு செல்லோ பார்க்க வேண்டியதுதான். வின்டர்தூரில் ஒரு டாக்டர் இருக்கிறார், நன்றாக வாசிக்கிறார், கேட்டால் வருவார்.

"அவான்ர வீட்டில வச்சு அவாவையே வெளியில போகச் சொல்லுறதோ?" என்று மருந்தாளர் தமிழில் என்னிடம் முணுமுணுத்தார். பிறகு அதையே ஜெர்மனில் மரியாதையாக்கிக் கேட்டார்.

பல் மருத்துவருக்கு முகம் சிவந்தது. கெட்ட மனிதர் இல்லை அவர். "எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அவன்தான் அவளைச் சுமந்துகொண்டு போனான். இப்போது யார் சுமப்பது?" என்றார். என்னைப் பார்த்தார். "நீ இழுத்துக்கொண்டு போ. காத்திருக்காதே. அவள் வருவாள்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அந்த அம்மாவுக்கு அந்தச் சனிக்கிழமைகளைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று மருந்தாளர் சொல்லியிருந்தார். பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடம், வீடு, செல்லோ. அதில் ஒன்று போவதும் நிற்பதும் என் வலது கையில் இருந்தது. நான் கேட்டு வாங்கிய பொறுப்பா இது?

தாளம் காட்டும் மெட்ரோனோம் ஒன்று வாங்கி வந்து, அதன் டிக் டிக்கை முறைத்துக்கொண்டு வீட்டில் பழகினேன். எந்தச் செல்லோவையும் கேட்காமல், எதற்கும் காத்திராமல், குதிரைக்குக் கண்பட்டை கட்டியதுபோல் நேராகப் போகப் பழகினேன். என் மனைவி இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள், "இதுக்கு அந்த மிஷினையே கொண்டுபோய் அங்க வெச்சிடலாமே," என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

அடுத்த ஒத்திகையில் அப்படியே வாசித்தேன். பகுதி நிற்கவில்லை. ஆனால் செல்லோ மோசமாகிவிட்டது. அந்த அம்மா சுரங்களை விழுங்கினார், வில்லை அவசரமாகத் திருப்பினார், பாட்டு மூச்சு முட்டிக்கொண்டு வந்தது. முடிந்ததும், "மன்னியுங்கள், இழுத்துவிட்டேன்," என்றார். பல் மருத்துவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். சரியாகச் செய்தாய் என்று அர்த்தம். சரியாகச் செய்ததன் பலன் எதிரே நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது. அதற்கடுத்த வாரம் மனம் கேட்காமல் பழையபடி பின்னால் போனேன். வண்டி நின்றது. முன்னால் போனாலும் அவருக்குக் கெடுதல், பின்னால் போனாலும் அவருக்குக் கெடுதல். வேலையில் இப்படி ஒரு சிக்கல் வந்தால் யாரையாவது கூப்பிட்டுக் கேட்கலாம். இதை யாரிடம் கேட்பது?

அந்த அம்மாவிடமே கேட்டுவிடலாம் என்று ஒருநாள் காப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு அவர் பின்னாலேயே போனேன். என் ஜெர்மன் கடைகண்ணிக்குப் போதும், அவ்வளவுதான். "அந்தப் பகுதியில் நான் என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் குழாயடியில் கோப்பையைக் கழுவிக்கொண்டே, "எழுதியிருப்பதை வாசியுங்கள்," என்றார். கோபமாகச் சொன்னாரா, களைப்பாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. கச்சேரியில் தான் பேசப்போவதைப் பல் மருத்துவர் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். இசையமைப்பாளரின் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டு வந்து, இந்த மெதுவான பகுதி மனைவி இறந்த துக்கத்தில் பிறந்தது என்று முடித்தார்.

"அப்படி எங்கே இருக்கிறது?" என்று செல்லோக்கார அம்மா கேட்டார்.

"கேட்டாலே தெரிகிறதே."

"அவள் உயிரோடு இருக்கும்போதும் எழுதியிருக்கலாம். யாருக்குத் தெரியும்? இரண்டு பேரும் காலையில் சண்டை போட்டுவிட்டு, மத்தியானம் அவர் உட்கார்ந்து இதை எழுதியிருக்கலாம்." வில்லின் மயிரில் ரோசின் கட்டியை அழுத்தித் தேய்த்தார். "துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்குத் துக்கமாக ஒன்று வேண்டும். அதற்கு அவரை ஏன் இழுக்கிறீர்கள்?"

பல் மருத்துவர் சரி சரி என்றார். நான் அவர் பக்கம் பேசுவதா, இவர் பக்கம் பேசுவதா என்று தெரியாமல் வயலினுக்கு ஸ்ருதி சேர்த்துக்கொண்டிருந்தேன்.

கச்சேரி நாள் மழை. கூடத்தில் இருந்த சாமான்களை ஒதுக்கி, பக்கத்து வீடுகளிலிருந்து நாற்காலிகள் வாங்கிப் போட்டிருந்தார்கள். வாசலில் ஈரக் குடைகளும் காலணிகளும் ஒழுங்காக வரிசை கட்டியிருந்தன. என் மனைவி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பல் மருத்துவர் எழுந்து பேசினார். இசையமைப்பாளரின் கதையைச் சொன்னார், நாடகசாலையைச் சொன்னார், அந்தப் பெண் இறந்ததைச் சொன்னார். பிறகு, அவ்வளவு பேச்சு நடந்தும், அந்த வாக்கியத்தையும் சொல்லிவிட்டார். துக்கத்தில் பிறந்த பகுதி. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் திரும்பிச் செல்லோவைப் பார்த்தார்கள். அந்த அம்மாவின் கழுத்து சிவந்து, சிவப்பு காதுவரை ஏறியது. வியோலாவை மடியில் வைத்திருந்த மருந்தாளர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

முதல் பகுதி நன்றாகப் போயிற்று. மெதுவான பகுதி வந்தது. நான்தான் தொடங்க வேண்டும். வீட்டில் பழகிய அதே வேகத்தில் தொடங்கினேன். டிக் டிக் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. செல்லோ உள்ளே வந்தது. இரண்டு வரிசை போயிருக்கும். மூச்சு முட்டுவது தொடங்கிவிட்டது, எனக்குக் கேட்டது. இன்றைக்கும் இவர் மன்னிப்புக் கேட்கப் போகிறார், இத்தனை பேர் முன்னால், என்று நினைத்தேன். அதற்குமேல் நான் எதையும் முடிவு செய்யவில்லை. கை தன் பழைய வேலைக்குப் போய்விட்டது. செல்லோவின் பின்னால், மயிரிழை பின்னால்.

இந்த இடத்தில்தான் எப்போதும் அவர் எனக்காகக் காத்திருப்பார், நான் அவருக்காகக் காத்திருப்பேன், எல்லாம் நிற்கும். அன்றைக்கு அவர் காத்திருக்கவில்லை. அடுத்த சுரத்தைத் தான் நினைத்த இடத்தில் வைத்தார். நான் கூடவே போனேன். அதற்கடுத்ததை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். அதற்கும் போனேன். தலையைத் திருப்பாமலேயே அவர் அதைக் கவனித்துவிட்டார் என்று தெரிந்தது. என்னைச் சோதிப்பவர்போல் ஒரு சுரத்தை நீட்டி, நீட்டி, பிறகு விட்டார். நான் விழவில்லை. இந்த ஒரு வேலை எனக்கு நன்றாகத் தெரியும். மருந்தாளர் சட்டென்று பிடித்துக்கொண்டு வியோலாவின் வில்லை மெதுவாக்கினார். பல் மருத்துவருக்கு நீண்ட சுரத்தின் நடுவிலேயே வில் நுனிவரை போய்த் தீர்ந்துவிட்டது. கண்ணாடிக்கு மேலாக எங்கள் எல்லாரையும் முறைத்துவிட்டு, வில்லைத் திருப்பிக்கொண்டு, வேறு வழியில்லாமல் அவரும் பின்னால் வந்தார்.

அந்தப் பகுதி அவ்வளவு மெதுவாகப் போய் நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு இடத்திலும் தொய்யவில்லை. அந்த அம்மா வாசித்தது துக்கமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நிதானமாக ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பல் மருத்துவர் பேசியதில் வந்த கோபத்தில்தான் முன்னால் போனாரா, அல்லது அன்று என்னவோ தோன்றியதா, அதுவும் தெரியாது. கடைசி சுரம் அடங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த பகுதிக்குப் பக்கம் திருப்பினேன்.

எல்லாம் முடிந்து வெள்ளை ஒயினும் பாலாடைக்கட்டியும் பின்னல் ரொட்டியும் சுற்றி வந்தன. நான் ஆரஞ்சுச் சாற்றோடு ஓரமாக நின்றேன். ஒரு கிழவர் வந்து என் கையைப் பிடித்து, இறந்துபோன நண்பர் வாசித்ததுபோலவே இருந்தது என்றார். இன்னொரு பெண்மணி வந்து அவர் வாசித்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் நன்றாக இருந்தது என்றார். இரண்டு பேருக்கும் நன்றி சொன்னேன். பல் மருத்துவர் தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ரொம்ப மெதுவு," என்றார். ஒரு துண்டுப் பாலாடைக்கட்டியை வாயில் போட்டு மென்றார். "வின்டர்தூருக்கு நான் ஃபோன் செய்யப்போவதில்லை." அதோடு வேறு யாரையோ பார்த்துக் கையசைத்துக்கொண்டு போய்விட்டார்.

வயலினைப் பெட்டியில் வைக்க அடுத்த அறைக்குப் போனேன். செல்லோக்கார அம்மா அங்கே நின்றுகொண்டிருந்தார். கையில் காலி ரொட்டிக் கூடை. என்னைக் கண்டதும் கதவை லேசாகச் சாத்தினார்.

"இன்றைக்கு நீங்கள் என் பின்னால் வந்தீர்கள்," என்றார்.

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "ஆமாம். மன்னிக்க வேண்டும். பழக்கம். எங்கள் ஊரில் என் வேலையே அதுதான். பாடுகிறவர் எங்கே போகிறாரோ அங்கே போவது."

"நான் எங்கே போனாலும்?"

"எங்கே போனாலும்."

"நீங்கள் முன்னால் தள்ளவே இல்லை? ஓரிடத்திலும்?"

"முதல் இரண்டு வரிசையில் மட்டும் தள்ளினேன். பிறகு இல்லை."

கூடையை இரண்டு கைகளாலும் மார்போடு பிடித்துக்கொண்டார். "அப்படியென்றால் அது என்னுடைய வேகம்," என்றார். "அது இழுவை இல்லை. அது சரியாகத்தான் இருந்தது. உங்களுக்கு எப்படி இருந்தது?"

"சரியாக இருந்தது," என்றேன். அதைவிட நல்ல வார்த்தை என் ஜெர்மனில் இல்லை.

"நான் இழுக்கவே இல்லை. அவர்தான் ஓடியிருக்கிறார்." அவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்துவிட்டது. சிரிப்பு நிற்கவில்லை, இன்னும் பெரிதாயிற்று, பிறகு அது கோபமாக மாறிவிட்டதுபோல் எனக்குத் தோன்றியது. "கல்யாணமான நாளிலிருந்து ஓடியிருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பின்னால் போயிருக்கிறேன். அவருக்கே தெரிந்திருக்காது. எனக்கும் தெரியவில்லை. அடுத்த ரயிலில் வருகிறாள் என்பார். நானும் சிரிப்பேன்."

ஒரு மனிதரின் நினைவுக் கச்சேரியில் வந்து அவர் மனைவியை அவர்மேல் கோபப்பட வைத்துவிட்டேனா? அல்லது நல்லதா செய்திருக்கிறேன்? ஆறுதல் சொல்வதா, வாழ்த்துச் சொல்வதா? கையில் இருந்த வில்லைத் தளர்த்தத் தொடங்கினேன். ஏற்கெனவே தளர்த்தியிருந்தேன்.

கூடத்திலிருந்து யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ரொட்டி தீர்ந்துவிட்டதாம். வருகிறேன் என்று பதில் குரல் கொடுத்தார். முன்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவுவரை போனவர் அங்கே நின்று என் பக்கம் திரும்பினார்.

"வீட்டுக்கு ஏதாவது நல்ல செய்தி கொண்டுவந்தால் முதலில் அவரிடம்தான் சொல்வேன்," என்றார். "இதை இப்போது யாரிடம் போய்ச் சொல்வேன்?"